தட்டம்மை ஊசி: பயமா, கட்டாயமா?

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. மூன்றரை மாதம் வரை எல்லா ஊசியும் போட்டோம். ஒன்பதாம் மாதம் போட வேண்டிய எம்.ஆர். என்ற தட்டம்மை ஊசியை மட்டும் போடவில்லை. பக்கத்துத் தெருக் குழந்தைக்கு அந்த ஊசி போட்ட எட்டாம் நாள் காய்ச்சல் வந்து வலிப்பும் வந்தது. அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து எனக்கு நடுக்கம். மச்சாண்டார் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். இந்த ஊசியால் ஆட்டிசம் வருமாம், பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் குழந்தை பிறக்காதாம், வெளிநாட்டுக் கம்பெனி நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறதாம். மாமியாரோ, "எங்க காலத்துல மணல்வாரி (தட்டம்மை) வந்தா வேப்பிலைல படுக்க வச்சு மூணு தண்ணி ஊத்துனோம், சரியாப் போச்சு" என்கிறார். கிராம சுகாதார செவிலியர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டாவது தடவை, "போடலேன்னா நாளைக்கு ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்க. வேண்டாம்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பிள்ளைக்கு என்ன போடணும்னு சொல்ல இவங்க யாரு?" என்கிறார். நிஜமாகவே இது சட்டப்படி கட்டாயமா? பாதுகாப்பானதுதானா? இனிமேல் போட்டால் தாமதமா?

திண்டுக்கல் மாவட்ட வாசகி

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பக்கத்துத் தெருக் குழந்தை. அந்தக் காய்ச்சலும் வலிப்பும் பெரும்பாலும் ஊசியால் வந்தவைதான். "ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். எம்.ஆர். ஊசியில் இருப்பவை வலுவைக் குறைத்த, ஆனால் உயிருள்ள தட்டம்மை, ருபெல்லா வைரஸ்கள். அவை உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருகும். உடம்பு அவற்றை அடையாளம் கண்டு எதிர்ப்பைத் தயார் செய்ய ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். மற்ற ஊசிகளுக்கு அன்று ராத்திரியே உடம்பு காய்கிற குழந்தைக்கு, இந்த ஊசிக்கு ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் காய்வது அதனால்தான். நீங்கள் எழுதியிருக்கும் எட்டாம் நாள் கணக்குக்குச் சரியாக வருகிறது.

வலிப்பு ஏன்? ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் சட்டென்று ஏறினால் வலிப்பு வரும். சளிக்காய்ச்சலிலும் வரும், வயிற்றுப்போக்குக் காய்ச்சலிலும் வரும். 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். தட்டம்மை சேர்ந்த ஊசிக்குப் பிறகு வருவது 3,000, 4,000 பேரில் ஒருவருக்கு. கண் செருகி, கை கால் வெட்டி இழுக்கும்போது பார்க்கிற தாய்க்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும்; மூளையில் ஒரு பாதிப்பையும் விட்டுச்செல்லாது. அந்த நேரத்தில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், திணிக்க வேண்டாம். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தடுப்பூசிப் பேச்சு எங்கள் பக்கத்திலிருந்தே பல சமயம் கோணலாக ஆரம்பிக்கிறது, அதனால்தான் இதை முதலில் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிப் போட்டு அனுப்பிவிடுகிறோம். ஏதோ ஒன்று ஆனதும் அந்தத் தாய்க்கு எங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. காலியான அந்த இடத்தில் மச்சாண்டாரின் வீடியோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரி, ஊசியின் கணக்கு அது. நோயின் கணக்கு வேறு. தட்டம்மை வந்த 1,000 குழந்தைகளில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வருகிறது. பணக்கார நாடுகளிலேயே 1,000 பேரில் ஒன்று முதல் மூன்று பேர் இறக்கிறார்கள். பிள்ளைகள் சத்துக்குறைவாக இருக்கும் இடங்களில் அதைப்போலப் பல மடங்கு. பெரும்பாலும் உயிரை எடுப்பது அம்மையோடு சேர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். பிழைத்த குழந்தைக்கும் வேறு தொற்றுகளை எதிர்க்கும் சக்தி பெருமளவு அழிந்துபோகிறது என்று 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. பழைய அம்மைகளையும் சளிகளையும் உடம்பு நினைவில் வைத்திருக்குமே, அந்த நினைவையே தட்டம்மை துடைத்துவிடுகிறது.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. வேப்பிலையும், இளநீரும், வீட்டுக்கு யாரையும் வரவிடாத வழக்கமும் நல்லவைதான். தனிமைப்படுத்துதல் என்று நாங்கள் இன்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதை அவர்கள் மாரியம்மன் பெயரைச் சொல்லி ஒழுங்காகச் செய்தார்கள். ஆனால் ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து அவரிடம் கேளுங்கள்: அவருடைய அம்மா பெற்றது எத்தனை, தங்கினது எத்தனை? என் பாட்டி இதற்கு "பெத்தது ஒன்பது, தங்கினது அஞ்சு" என்பார். அந்த நாலில் இரண்டு அம்மையில் போனவை. சரியாகிப் போன பிள்ளைகள்தான் வளர்ந்து பேரன் பேத்தியிடம் கதை சொல்கிறார்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு தம்பதி தங்கள் ஒன்பது வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். நன்றாகப் படிக்கிற பையன். இரண்டு மாதமாக எழுத்து கோணுகிறது, பென்சில் கையிலிருந்து விழுகிறது, நடக்கும்போது திடீர் திடீரென்று உடம்பு தூக்கிப்போடுகிறது என்றார்கள். வாத்தியார் திமிர் என்று அடித்திருக்கிறார். எங்கள் பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" என்றார். "ஆமாய்யா, பத்து மாசத்துல மணல்வாரி. நல்லா இறங்கிடுச்சு." அந்த வைரஸ் மூளைக்குள் பதுங்கியே இருந்து ஏழு, எட்டு, பத்து வருடம் கழித்து வெளிவரும். அபூர்வமானது, ஆனால் வந்தால் மருந்து கிடையாது. இரண்டு வயதுக்குள் அம்மை கண்ட குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அந்தப் பையன் ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்து போனான். அவன் அப்பா ஒவ்வொரு தடவையும், "அன்னைக்கே இறங்கிடுச்சேம்மா" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி அந்த வீடியோ. ஆட்டிசம் கதைக்கு ஊரும் தேதியும் உண்டு. 1998 பிப்ரவரியில் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தம் 12 குழந்தைகள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பிவிட்டது. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் வாங்கியிருந்தார் என்பது பின்னால் ஒரு பத்திரிகையாளரின் தேடலில் வெளிவந்தது. 2010-ல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். ஆனாலும் கேள்வியை யாரும் அப்படியே தூக்கிப்போட்டுவிடவில்லை. டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசமே இல்லை. அப்படியானால் பெற்றோர் கண்ணுக்கு ஏன் அப்படித் தெரிகிறது? பேச்சு வராதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் வெளியே தெரியத் தொடங்குவது ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில். ஊசியும் அதே காலத்தில்தான் வருகிறது.

பிள்ளை பிறக்காது என்ற வதந்திக்கு வேர் இன்னும் ஆழம். 1976–77-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார்கள். பல இடங்களில் மிரட்டி, பிடித்துக்கொண்டு போய். அரசாங்கம் ஊசியோடு வாசலில் வந்து நின்றால் வட இந்தியாவில் இரண்டு தலைமுறைக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்கும் இதே பேச்சு கிளம்பியது. வாட்ஸ்அப் அந்தப் பழைய பயத்துக்குத்தான் புதுச் சட்டை மாட்டி அனுப்புகிறது. இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று. எம்.ஆர். என்பதில் உள்ள ருபெல்லா, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். உங்கள் மகள் பெரியவளாகித் தாயாகும் நாளில் அவள் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றப் போகிற ஊசி இது. அதைப் பார்த்துத்தான் பிள்ளை பிறக்காது என்கிறார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி என்பதும் சரியில்லை. நம் அரசாங்கம் போடும் எம்.ஆர். ஊசி பெரும்பாலும் புனேயில், சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாராவது. அங்கிருந்துதான் வெளிநாடுகளுக்குப் போகிறது. ஆனால் சோதனை எலி என்ற பயத்தைச் சிரித்துத் தள்ளவும் எனக்கு மனமில்லை. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசியைச் செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் போட்டார்கள். அதில் ஏழு சிறுமிகள் வெவ்வேறு காரணங்களால் இறந்தார்கள். சாவுகளுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணை. ஆனால் தாய் தகப்பன் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தது அதில்தான் தெரியவந்தது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசிதான் அது. நுழைந்த வழி தப்பு. அந்தப் பழியை எல்லா ஊசியும் சேர்ந்து சுமக்கிறது.

அடுத்து, உங்கள் கணவரின் கேள்வி.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இந்தியாவில் இல்லை. தடுப்பூசி அட்டை இல்லையென்றால் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மைக்கு அந்தக் காலத்தில் கட்டாயம் இருந்தது. 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் உயிரோடு இருக்கிறது. கொள்ளை நோய்க் காலத்தில் ஊசியைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அதில் அரசுக்கு உண்டு. 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கொரோனா தடுப்பூசி பற்றிய வழக்கில், எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தன் உடம்பின் மேல் ஒருவருக்குள்ள உரிமை அரசியல் சாசனம் தந்தது என்றது. பொது நலனுக்காக நியாயமான அளவில் கட்டுப்பாடு வைக்க அரசுக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னது. ஊசியால் நேரும் பாதிப்புகளை மக்களே பதிவு செய்யவும், அந்த விவரங்களை எல்லோரும் பார்க்கவும் வழி செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர் ஒரு குழந்தை மருத்துவர். அவர் சொல்வதில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் விவரத்தைத் திறந்து வை என்ற கோரிக்கை முழுக்கச் சரி.

ஆக, செவிலியர் சொன்னது சட்டப்படி சரியில்லை. அவரைக் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள். கையில் ஒரு பட்டியல், மேலதிகாரி கேட்கும் கணக்கு, வெயிலில் ஐந்தாறு கிராமம். மிரட்டல் என்பது களைத்தவர்களின் குறுக்குவழி. நானும் அதைச் செய்தவள்தான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். ஊசி போடும் முகாம் ஆரம்பித்தபோது இதே மாதிரி செய்திகள் பறந்தன. பெற்றோர் மறுத்ததால் பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் நடுப்பகுதி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு அப்பா எழுந்து, "ஏற்கெனவே ரெண்டு தடவை தட்டம்மை ஊசி போட்டாச்சே, மறுபடி எதுக்கு?" என்றார். மிக நியாயமான கேள்வி. ருபெல்லா அதுவரை அரசு ஊசியில் இல்லை, அதற்காகத்தான் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அன்று காலையிலிருந்து நாலாவது பள்ளி எனக்கு. "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே பதினைந்து இருபது பேர் எழுந்து போனார்கள்.

கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு ஒட்டும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். ஊரில் 100-க்கு 95 பேருக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் அது நுழைய முடியாமல் திரும்பும். மீதி ஐந்து பேர் யார்? ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைகள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு ஊசி போட முடியாது. சுற்றியிருப்பவர்கள்தான் அவர்களுக்குக் கரை. கண்மாய்க் கரையில் தன் பங்கை ஒருவர் அடைக்காமல் விட்டால் உடைப்பு அவர் வயலோடு நிற்காது அல்லவா? "என் பிள்ளை, என் இஷ்டம்" என்று உங்கள் கணவர் சொல்லும்போது நான் நினைப்பது இதைத்தான். பிள்ளை அவருடையது. தண்ணீர் ஊருடையது.

ஆனாலும் எனக்குக் கட்டாயச் சட்டத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிரிட்டன் 1853-ல் பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கி, போடாதவர்களுக்கு அபராதம், சிறை என்று போனது. 1885-ல் லெஸ்டர் நகரத்தில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1898-ல் மனசாட்சிப்படி மறுக்கலாம் என்று சட்டத்தையே தளர்த்த வேண்டியதாயிற்று. இந்தக் காலத்திலும் இத்தாலி 2017-ல் பத்து ஊசிகளைக் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் 2018-ல் மூன்றைப் பதினொன்றாக்கியது. அங்கே ஊசி போடுபவர் எண்ணிக்கை ஏறியது, மறுக்கவில்லை. அமெரிக்காவில் பள்ளிக்குத் தடுப்பூசி அவசியம் என்ற விதி எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, விலக்குகளும் இருக்கின்றன. டெக்ஸாஸில் 2025-ல் ஊசி போடாத இரண்டு குழந்தைகள் தட்டம்மையில் இறந்தன. விதி இருந்தது, நம்பிக்கை இல்லை.

இதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பசிபிக் கடலில் உள்ள சமோவாவை. மொத்தமே இரண்டு லட்சம் பேர். 2018 ஜூலையில் அங்கே ஊசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. மருந்துப் பொடியைக் கரைக்கச் சுத்த நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் காலாவதியான ஒரு மருந்தைக் கலந்துவிட்டார்கள். ஊசி மருந்தில் ஒரு குறையும் இல்லை. அரசு பல மாதம் தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. திரும்ப ஆரம்பித்தபோது தாய்மார்கள் வரவில்லை, வதந்தி வந்தது. அடுத்த ஆண்டு கடைசியில் தட்டம்மை நுழைந்தது. 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அப்புறம்தான் அவசரநிலை, கட்டாய ஊசி. 2019 டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். செவிலியர்கள் துணியைப் பார்த்து வீடு வீடாகப் போனார்கள். கட்டாயம் அங்கே எந்த இடத்தில் வந்தது பாருங்கள், எல்லாம் கை மீறிய பிறகு.

நமக்கும் அந்த மாதிரி ஒரு நாள் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும்தான் ஊசி என்று ஆக்கினார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் அங்கன்வாடி வாசலில் கிடைத்தது எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுமையாக ஊசி போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06-ல் 100-க்கு 81 பேர். 2015–16-ல் 70 பேர். சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிறகு 2019–21-ல் 89-க்கு ஏறியது. கூலி வேலையை விட்டுவிட்டு வரும் தாய்க்குத் தூரம் குறைந்தால் பாதி மறுப்பு தானாகவே மறைந்துவிடும் என்பது என் அனுபவம். சட்டம் போடுவதைவிட ஒரு பஸ் விடுவது மலிவு.

பாதுகாப்பானதுதானா என்று கேட்டீர்கள். நூற்றுக்கு நூறு என்று எந்த மருந்துக்கும் நான் எழுதித் தர மாட்டேன். ஏதாவது நடந்தால் கண்டுபிடிக்கிறார்களா, கண்டுபிடித்தால் நிறுத்துகிறார்களா என்றுதான் பார்ப்பேன். அமெரிக்காவில் 1998-ல், குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ஒரு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து வந்தது. சுமார் 10,000 பேரில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகிக்கொள்கிறது என்று தெரிந்ததும் அடுத்த வருடமே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பாடத்தால்தான், நம் நாட்டிலேயே உருவான ரோட்டா மருந்தை வேலூர், புனே, டெல்லி மூன்று இடங்களிலும் சோதித்தபோது குடல் செருகலை விசேஷமாகக் கண்காணித்தார்கள். உங்கள் மகளுக்கு ஆறாவது வாரம் வாயில் கொடுத்த ரோட்டா மருந்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. பக்கத்துத் தெருக் குழந்தையின் வலிப்பும் பதிவாக வேண்டும். அந்த அம்மாவிடம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லி எழுதச் சொன்னாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இப்போதும் சொல்லலாம். பெரிய பாதிப்பு நேர்ந்தால் கோர்ட்டுக்கு அலையாமல் இழப்பீடு கிடைக்க பிரிட்டனில் 1979-லும் அமெரிக்காவில் 1986-லும் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊர் முழுவதற்குமாக ஒரு குழந்தை பாதிப்பைச் சுமந்தால் அந்தக் குழந்தையை ஊர் சுமக்க வேண்டும் என்பது என் கட்சி. கட்டாயம் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பேசிவிட்டு அங்கே வரட்டும்.

சமோவாவில் நடந்தது உங்கள் மகளுக்கு நடக்காமல் நீங்களே பார்க்கலாம். ஊசி போடும் நாளான புதன்கிழமை போகும்போது செவிலியரிடம் கேளுங்கள். குப்பியைத் திறப்பதற்கு முன்னால் அதில் ஒட்டியிருக்கும் வட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சின்னச் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. கரைக்கும் நீர் இந்த மருந்தோடு வந்ததுதானா, கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கரைத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனதைப் போடக் கூடாது. சிரிஞ்சு உங்கள் எதிரில் பிரித்த புதுசாக இருக்க வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை அது. நல்ல செவிலியர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரலாம். வந்தால் உடனே வரும், அதற்கான மருந்து அங்கே இருக்கும்.

தாமதமாகிவிட்டதா என்றால், இல்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் போடுவது நல்லது, விட்டுப்போனால் ஐந்து வயது வரை போடலாம். அடுத்த தவணை ஒன்றரை வயதுவாக்கில். ஆனால் நீங்கள் விட்டது ஒரு ஊசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பதாம் மாதத்தில் நிமோனியா ஊசியின் மூன்றாம் தவணை, போலியோ ஊசியின் மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ திரவம் எல்லாம் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்கலாம். லேசான சளி இருந்தாலும் போடலாம். முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் போடலாம். எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே குறைந்த குழந்தை, ஸ்டீராய்டு மருந்து அதிக அளவில் எடுக்கும் குழந்தை என்றால் மட்டும் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியை நிறுத்த மாட்டார், உங்களைத் தயார் செய்து அனுப்புவார்.

உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோபக்காரர்கள் நன்றாகக் கேள்வி கேட்பார்கள். அந்தச் செவிலியர் வைத்துவிட்டுப் போன தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடைக்குப் பாரசிட்டமால் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, காய்ச்சல் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வரலாம் என்பதை அதன் பின்பக்கத்தில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.